லீவில் வந்த மனுஷன்

சாஜிதாவின் புருஷன் முபாரக் சார்ஜாவை ஒரேயடியாக முடித்துக்கொண்டு வலங்கைமானுக்கு வந்து நாலு மாசம் ஆகிறது. நோன்புப் பெருநாளைக்கு வந்தவர். அப்புறம் ஆற்றில் தண்ணீர் விட்டு, குறுவை நடவு முடிந்து, ஆடியும் பிறந்துவிட்டது. ஆனால் அந்த வீட்டில் மட்டும் லீவு இன்னும் முடியவில்லை.

லீவு என்றால் என்னவென்று சபுராளி வீட்டில் வாழாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும். கடல் கடந்து போய்ச் சம்பாதிக்கிறவரைத்தான் இந்தப் பக்கம் சபுராளி என்பார்கள். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தரம் ரெண்டு மாசம் ஊருக்கு வருவார். அந்த ரெண்டு மாசமும் வீட்டில் நடப்பது குடித்தனம் கிடையாது, விருந்து. பீரோவில் மடித்து வைத்த புது விரிப்பு கட்டிலுக்கு ஏறும். தினம் கறி, இல்லாவிட்டால் மீன், அதுவும் இல்லாவிட்டால் ரெண்டும். மனுஷன் தண்ணி என்று வாயைத் திறப்பதற்குள் சொம்பு எதிரே நிற்கும். பெண்டாட்டிக்கு ஆயிரம் வேலை இருந்தாலும் அத்தனையையும் மூட்டை கட்டி மூலையில் போட்டுவிட வேண்டியதுதான். ரெண்டு மாசம்தானே, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஏர்போர்ட்டுக்குக் கார் வந்துவிடும்.

இந்த முறை கார் வரப்போவதில்லை. அது சாஜிதாவுக்குத் தெரியும். தெரிந்தும் கை கேட்க வேண்டுமே! இருபத்தாறு வருஷம் பழகின கை. விடியும் முன்னே எழுந்து தேங்காய்ப்பால் எடுத்தது. அவர் குளித்துவிட்டு வருவதற்குள் சட்டையைத் தேய்த்துக் கட்டில் மேல் வைத்தது. விருந்தும் மருந்தும் மூணு நாள் என்பார்கள், இவள் நாலு மாசமாக விருந்து போட்டுக்கொண்டிருந்தாள். முபாரக்குக்குச் சட்டைப் பொத்தான் வயிற்றில் நிற்கவில்லை. அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

இதெல்லாம் போகட்டும். அவளுடைய புத்தகங்கள் பீரோவில் கம்பளிக்குப் பின்னால் கிடந்தன. அதுதான் விஷயம்.

சாஜிதா பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே ரெண்டாவதாக வந்தவள். ரிசல்ட் வந்த மாசமே நிக்காஹ். மாலை வாடுவதற்குள் மாப்பிள்ளை சார்ஜாவுக்குப் பறந்துவிட்டார். அதற்கப்புறம் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை முழுக்கப் போனில்தான். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரே கூரையின் கீழ் இருந்தது மூணு வருஷம் தேறாது. ஆனால் போனில் வாழ்ந்தார்கள் பாருங்கள், அடேயப்பா! சண்டை போட்டதும் சமாதானமானதும் போனில். மகள் தஹ்மீனாவுக்குப் பேர் வைத்தது, பள்ளிக்கூடம் பார்த்தது, பிறகு சென்னையில் மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக் கொடுத்தது, எல்லாம் போனில். முபாரக் சிரித்தால் இங்கே சாஜிதாவின் காது கூசும். அப்படி ஒரு சிரிப்பு அவருக்கு.

தெருவில் புருஷன்மார் தூர தேசத்தில் இருக்கிற பெண்கள் நிறைய. மனசு கனத்தால் அவர்கள் வந்து சாஜிதாவிடம்தான் கொட்டுவார்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாள், அதுவே பாதி மருந்து. மகள் காலேஜுக்குப் போன வருஷம் இவளுக்கும் ஆசை வந்தது, இந்தக் கேட்கிற வேலையை முறையாகப் படித்துவிட்டால் என்னவென்று. போனில் சொன்னாள். முபாரக் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். பத்து நிமிஷம் கழித்து அவரே கூப்பிட்டு, படி சாஜி, ஆனா படிக்கிறத எனக்கும் வாசிச்சுக் காட்டணும், பத்தாவதோட நின்னவன் நான், என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் பட்டம், அது முடிந்ததும் கவுன்சிலிங் டிப்ளமா. ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் வகுப்பு. மற்ற நாளெல்லாம் அசர் தொழுகைக்கு முன்னால், இங்கே மூணு மணி வாக்கில், பாடம் வாசிக்கிற நேரம். அங்கே அவர் வேலை பார்த்த சூப்பர்மார்க்கெட்டில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, காதில் மாட்டிக்கொண்டு ரேக்கில் சாமான் அடுக்குவார். இங்கே இவள் வாசிப்பாள். குழந்தை மனசு, வாலிபம், நடுவயசு என்று ஒரு மனுஷனின் ஆயுசு முழுக்க அந்தப் போன் வழியாகப் போயிற்று. நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பார். அந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடிப் போனதில்தான் அவள் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினாள் என்று நான் சொல்வேன்.

இப்போது எழுத்துப் பரீட்சை எல்லாம் முடிந்துவிட்டது. பாக்கி ஒன்றே ஒன்று, பயிற்சி. கும்பகோணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு மூணு நாள் போய், பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச வேண்டும். அதை முடித்தால்தான் டிப்ளமா கைக்கு வரும். அதே பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கவும் வழி உண்டு. இந்த வருஷத்தை விட்டால் இடம் இன்னொருத்திக்குப் போய்விடும்.

பயிற்சிக்குப் பொறுப்பு கனிமொழி மேடம். சாஜிதாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு சின்னவள், ஆனாலும் சாஜிதாவுக்கு மேடம்தான். ஜூன் மாசத்திலிருந்து போன் பண்ணிக்கொண்டிருந்தாள். சாஜிதாவும் ஒவ்வொரு தரமும் ஒரே பதிலைச் சொல்லித் தள்ளிப்போட்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமை கனிமொழி, வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொன்னால்தான் ஆச்சு என்றாள். இவள் வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"வீட்டுக்காரர் லீவுல வந்திருக்காங்க மேடம்."

"லீவு எப்ப முடியுது?"

சாஜிதா மனசுக்குள் மாசத்தை எண்ணிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "முடியாது மேடம். ஒரேயடியா வந்துட்டாங்க."

"அப்ப லீவுல இருக்கிறது யாரு?"

கனிமொழி போனை வைத்துவிட்டாள். இந்தக் கவுன்சிலிங் படித்தவர்களே இப்படித்தான். கேள்வியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், நாம்தான் ராத்திரியெல்லாம் புரள வேண்டும்.

இவ்வளவு தூரம் படிக்க வைத்த மனுஷனிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். கேட்கத்தான் பார்த்தாள். அன்று மத்தியானம் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். மச்சான் என்று கூப்பிட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்துக்கு முகம் பார்த்ததும் கை ரசச் சட்டிக்குப் போயிற்று. ரசம் ஊத்தவா என்று கேட்டாள். ஊத்து என்றார். தெருப் பெண்களையெல்லாம் பேச வைத்தவளுக்கு வீட்டில் வாயில் கொழுக்கட்டை. ஊருக்குத்தான் உபதேசம் என்று அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள்.

அவரும் ஒன்றும் சளைத்தவர் இல்லை. போனில் மணிக்கணக்காகப் பேசினவர் வீட்டில் ம் என்பார், சரி என்பார், அத்தோடு சரி. விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்காருவார். பிரிட்ஜைத் திறக்கக்கூட ஒரு தரம் அவளைப் பார்த்துவிட்டுத்தான் திறப்பார். பொழுது போகாமல் கடைத்தெருவுக்குப் போவார். அங்கே பார்க்கிறவன் எல்லாம், எப்ப வந்தீங்க, எப்ப பயணம் என்று கேட்பான். இந்த ஊரில் சபுராளியைக் கண்டால் அந்த ரெண்டு கேள்வியைத் தவிர வேறு தெரியாது. எதிர்வீட்டு அம்சம் வாரத்துக்கு ஒரு தரம் கேட்டாள். அவளுக்கு நாலு தரம் பதில் சொல்லியாயிற்று, ஐந்தாவது தரமும் கேட்டாள். அதற்கப்புறம் முபாரக் கடைத்தெருப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டு, குடமுருட்டிப் பாலத்தில் போய் நின்று தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தார்.

இதற்கு நடுவில் ஒரு நாள் நடந்ததுதான் சாஜிதாவின் மனசை முறித்துவிட்டது. அவர் பாலத்துக்குப் போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, கம்பளிக்குப் பின்னாலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து விரித்தாள். ஒரு பக்கம்கூடப் படித்திருக்க மாட்டாள், வாசலில் நிழல். அவர்தான். திருடின கையைப் பிடித்த மாதிரி வெடுக்கென்று மூடி வைத்துவிட்டு, டீ கொண்டாரேன் என்று எழுந்து ஓடினாள். டீயோடு வந்து பார்த்தால் மனுஷன் இல்லை. வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். அன்று பூராவும் முகம் தொங்கிப்போய் இருந்தது.

பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். தூரத்தில் இருந்தவரைக்கும் பெண்டாட்டி படிக்கிறது பெருமை, பக்கத்தில் வந்ததும் சோறு போடுகிறவள் போதும். எல்லா ஆம்பிளையும் அப்படித்தானே? அவர் பாவம், வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததையெல்லாம் இவளே எழுதிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில், போனில் சொன்னால் மரியாதையாக இருக்காது, நேரில் போய் கனிமொழி மேடத்திடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினாள். வீட்டில் சொன்னது வேறு. கும்பகோணத்தில் ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு ஜும்மாத் தொழுகை முடிகிறதற்குள் வந்துவிடுகிறேன் என்றாள். சாப்பாட்டை மூடி வைத்து, பிளாஸ்கில் டீயை ஊற்றி, டம்ளரைப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து சீட்டில் ஒரு அம்மா வாழைப்பூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரெண்டு பக்கமும் குறுவைப் பயிர் தூர் கட்டிப் பச்சையாக நின்றது. சாஜிதாவுக்கு எதுவும் கண்ணில் தங்கவில்லை. மேடத்திடம் சொல்ல வேண்டிய வார்த்தையை மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்க அடுக்கக் கண் நிறைந்தது. ஏழு வருஷப் படிப்பு. பரீட்சை ஹாலில் மகள் வயசுப் பிள்ளைகள் ஆன்ட்டி என்று கூப்பிட்டதையெல்லாம் தாங்கிக்கொண்டு எழுதினது.

அப்போது போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். மச்சான் என்று வந்தது. ஊருக்கு வந்த நாளிலிருந்து அவர் அவளை போனில் கூப்பிடவே இல்லை. ஒரே வீட்டில் இருக்கிறவளை எதற்குக் கூப்பிடுவார்?

"டீல சீனி போடாமப் போயிட்ட சாஜி. சீனி எதுல இருக்கு?"

மறந்திருக்கிறாள்! இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக. மேல் ரேக்கில் இடது பக்கம், பால் பவுடர் டின்னில் இருக்கிறது என்றாள்.

"எல்லாமே பால் பவுடர் டின்னாத்தான் இருக்கு. ஒண்ணுல பருப்பு இருக்கு, ஒண்ணுல ரவை இருக்கு, ஒண்ணுல என்னமோ வேர் கெடக்கு."

"எல்லாம் நீங்க அனுப்புன டின்னுதானே."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு. நாலு மாசமாக ஒரே வீட்டில் இருந்தும் கேட்காத சிரிப்பு போனில் வந்து காதைக் கூச வைத்தது. சாஜிதா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவர் வைக்கவில்லை. இவளும் வைக்கவில்லை. சோற்றுத் தட்டுக்கு எதிரே ரெண்டு பேரும் மென்று முழுங்குகிற மௌனம் வேறு, போனில் வருகிற மௌனம் வேறு. இது பழகின மௌனம். இதில் மூச்சுவிட முடியும்.

"மச்சான், நான் ஜாக்கெட் தைக்கக் குடுக்கப் போகல."

"பின்ன?"

மடை திறந்துவிட்ட மாதிரி கொட்டிவிட்டாள். பயிற்சி, பள்ளிக்கூடம், வாரத்துக்கு மூணு நாள், கனிமொழி மேடம் வைத்த கெடு, கம்பளிக்குப் பின்னால் கிடக்கிற புத்தகம், இப்போது போய் வேண்டாம் என்று சொல்லப்போவது, ஒன்று பாக்கி விடவில்லை. பக்கத்து சீட்டு அம்மா வாழைப்பூவைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"எதுக்கு வேணாங்கிற?" என்றார் முபாரக். குரலில் கோபம் இருந்தது.

"நீங்கதான் வீட்டுல இருக்கீங்களே."

"நான் இருந்தா?"

அந்தப் பக்கம் டின்னை மூடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவர் பேசினார், நிறுத்தி நிறுத்தி.

"நான் வந்ததுலேர்ந்து நீ ஒரு நாள்கூடப் பாடம் வாசிக்கல சாஜி. மூணு மணி ஆனா காது தன்னால தேடுது. சரி, படிப்பு முடிஞ்சிருக்கும்னு பாத்தா, அன்னைக்கு நீ படிச்சுக்கிட்டு இருக்க. என்னயக் கண்டதும் மூடி வச்சிட்டு ஓடுற. போன்ல இருந்த முபாரக்தான் உனக்கு வேணும், வந்தவன் வேணாம்னு நெனச்சுக்கிட்டேன்."

அட அல்லாவே! சாஜிதாவுக்கு பஸ் என்றும் பார்க்கத் தோன்றவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தச் சிரிப்பும் கேட்டுவிட்டது, இந்தப் பேச்சும் கேட்டுவிட்டது. எத்தனை பேருக்கு நடுவில் அழுதால்தான் என்ன? பக்கத்து சீட்டு அம்மா வாழைப்பூவைக் கீழே வைத்துவிட்டு இவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அரசலாற்றுப் பாலம் தாண்டி பஸ் கும்பகோணத்துக்குள் நுழைகிறவரை தடவிக்கொண்டே வந்தாள்.

கனிமொழி மேடத்திடம் சாஜிதா சொன்னது ரொம்பச் சின்னப் பேச்சு. லீவு முடிஞ்சிருச்சு மேடம், நான் வர்றேன், என்றாள். வீங்கின கண்ணைப் பார்த்த கனிமொழி தண்ணீர் கொடுத்தாள். அடுத்த மாசம் முதல் திங்கட்கிழமை வரச் சொன்னாள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால் அதுதான் இல்லை. வீட்டு வாசலில் வந்து செருப்பைக் கழற்றினாள், முபாரக் எதிரே வந்து நின்றார், ரெண்டு பேருக்கும் மறுபடி வாய் அடைத்துப்போயிற்று. வந்துட்டியா என்றார். வந்துட்டேன் என்றாள். பஸ்ஸில் அத்தனை பேசினவர்கள் இவர்கள்தானா என்று சந்தேகம் வருகிற மாதிரி நின்றார்கள். சாஜிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முபாரக் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி மொட்டை மாடிக்குப் போய்விட்டார். ரெண்டு நிமிஷத்தில் இவள் போன் அடித்தது.

"ம். வாசி."

கம்பளிக்குப் பின்னாலிருந்து புத்தகங்கள் வெளியே வந்தன. அன்றிலிருந்து அசருக்கு முன்னால் அவர் மாடியில், இவள் அடுப்படியில், நடுவில் போன். அம்சம் தன் வீட்டு மாடியில் வடகம் காயவைக்க வந்து, முபாரக் ஒற்றையாக உட்கார்ந்து ம் கொட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, யாரோடு பேச்சு என்று கீழே வந்து விசாரித்தாள். என்னோடதான் என்றாள் சாஜிதா. அம்சத்துக்கு அது ஜீரணமாகவே இல்லை. அடுத்த வாரம் வெயில் தாங்கவில்லை என்று அவர் படிக்கட்டுக்கு இறங்கி வந்தார். மேல்படியில் உட்கார்ந்து கேட்டார். இவளுக்கு அவர் குரல் போனிலும் கேட்டது, படிக்கட்டிலிருந்தும் லேசாகக் கேட்டது. அதைப் பற்றி ரெண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

பயிற்சிக்குப் போக வேண்டிய திங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. நடுவயசுக்கு மேல் மனுஷன் எப்படி மாறுகிறான், எப்படி வளர்கிறான் என்ற பாடம். பயிற்சிக்கு உதவுமே என்று மறுபடி எடுத்து வைத்திருந்தாள். முருங்கைக்கீரை மடியில் கிடக்க, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வாசித்தாள். வேலையையே தன் அடையாளமாகக் கொண்டு வாழ்ந்தவர், வேலை நின்ற பிறகு தான் யார் என்று புதிதாகத் தேட வேண்டியிருக்கிறது என்று ஒரு வரி வந்தது.

"அந்த வரிய இன்னொரு தரம் வாசி."

வாசித்தாள். படியில் காலடி கேட்டது. முபாரக் இறங்கி வந்து அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். போன் காதிலேயே இருந்தது, கண் தரையில் இருந்தது.

"எங்க கடைல எந்தச் சாமான் எந்த ரேக்குல இருக்குன்னு கண்ண மூடிக்கிட்டு எடுத்துக் குடுப்பேன் சாஜி. யாரு என்ன கேட்டாலும் முபாரக்கக் கூப்புடுன்னுதான் சொல்லுவாங்க. இங்க என் வீட்டுல நான் ஒரு வாய் சீனிக்குத் தடவிக்கிட்டு நிக்கிறேன். எப்ப பயணம், எப்ப பயணம்னு எல்லாரும் கேக்குறாங்க. கோவம்தான் வருது. ஆனா என் மனசும் உள்ளுக்குள்ள அதையேதான் கேட்டுக்கிட்டு இருக்கு. எங்க போறதுன்னுதான் தெரியல."

மூணடி தூரத்தில் நின்று, தன் பெண்டாட்டியிடம் சொல்வதைப் போனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் அவள் காதுக்கு ரெண்டாக வந்தது. சாஜிதா தன் போனைக் காதிலிருந்து எடுத்து அரிசி டின்னின் மேல் வைத்தாள்.

"மச்சான், போன வைங்க. நான் இங்கதான் இருக்கேன்."

முபாரக் நிமிர்ந்தார். கையிலிருந்த போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மெதுவாகப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உடனே பழைய ஊமைத்தனம் வந்து ரெண்டு பேர் வாயிலும் உட்கார்ந்துகொண்டது. இந்த இடத்தில் என்ன கேட்க வேண்டும் என்று சாஜிதா படித்திருக்கிறாள், ஒன்றுக்கு நாலு கேள்வி தெரியும் அவளுக்கு. ஒன்றையும் கேட்கவில்லை. காலால் முக்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, மடியில் கிடந்த கீரையில் பாதியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். நாலு மாசத்தில் அந்த வீட்டில் அவர் கைக்கு வந்த முதல் வேலை அது.

அவர் உட்கார்ந்து உருவ ஆரம்பித்தார். உருவத் தெரியவில்லை, காம்பும் சேர்ந்தே வந்தது. அவள் திருத்தவில்லை. கண் கீரையில் இருந்ததாலோ, கை வேலையில் இருந்ததாலோ, வாய் தானாகத் திறந்துகொண்டது. கடையைப் பற்றிப் பேசினார். கூட அறையில் இருந்தவர்களைப் பற்றி, கிளம்பின அன்றைக்குத் தன் ரேக்குகளை ஒரு தரம் துடைத்துவிட்டு வந்ததைப் பற்றிப் பேசினார். அந்தத் துடைத்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் கம்மிப்போயிற்று. சாஜிதாவுக்கு அந்த மனுஷனை அப்படியே சேர்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இவ்வளவு நாளும் இவரைப் போய் விருந்தாளியாக உட்கார வைத்தோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கீரை முடிந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"பத்தாவதோட நின்னவன அந்த யுனிவர்சிட்டில சேத்துக்குவாங்களா?"

"மொதல்ல பன்னண்டாவது எழுதணும். அப்புறம் சேத்துக்குவாங்க."

"வயசு?"

"அத யாரு கேக்குறா?"

அவர் சிரித்தார். போன் இல்லாமல் வந்த சிரிப்பு. இன்னும் நன்றாகவே கூசியது.

மறுநாள் காலை சாஜிதா எழுந்து பார்த்தபோது அடுப்படியே மாறிப்போயிருந்தது. டின்களையெல்லாம் இறக்கித் துடைத்து, கனமானது கீழே, கைக்கு அடிக்கடி வருவது நடுவில், மற்றது மேலே என்று சூப்பர்மார்க்கெட் கணக்காக அடுக்கி, ஒவ்வொன்றிலும் பேர் எழுதி ஒட்டியிருந்தார். இருபத்தாறு வருஷம் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தவள் இப்போது வெந்தயத்துக்கு எழுத்துக்கூட்டிப் படித்துத் தேட வேண்டியதாயிற்று. அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. வாயைத் திறந்து நேராகவே திட்டினாள். அவரும் நேராகவே பதில் சொன்னார். கடுகு எந்தத் தட்டில் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு அவர்கள் போட்ட சண்டை எதிர்வீடு வரைக்கும் கேட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முகத்தைப் பார்த்துப் போட்ட முதல் சண்டை. அம்சம் இந்த முறை எப்ப பயணம் என்று கேட்க வரவில்லை.

திங்கட்கிழமை விடிகாலையில் சாஜிதா தேங்காய்ப்பால் எடுக்கவில்லை. அவள் எழுந்து வந்தபோது அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. முபாரக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரும் கிட்டே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது டிபன் கேரியரைத் துணிப்பையில் போட்டுக் கையில் கொடுத்தார். வாசல் வரைக்கும் வந்தார். இத்தனை வருஷமாக அந்த வாசலில் அவர்தான் போகிறவர், அவள்தான் நிற்கிறவள். இன்றைக்கு அவர் நின்றார். போயிட்டு வா என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தாள், பார்க்காத மாதிரி திரும்பி நடந்தாள்.

பள்ளிக்கூடத்தில் மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் கேரியரைத் திறந்தாள். சோறு, கத்திரிக்காய் போட்ட பருப்பு, முட்டைப் பொரியல். ஒரு வாய் வைத்தாள். பருப்பில் உப்பே இல்லை. எல்லா டின்னிலும் பேர் எழுதி ஒட்டின மனுஷன், உப்பு டின்னில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டின மனுஷன், உப்பை மறந்துவிட்டார்.

சிரிப்பு தாங்கவில்லை. உடனே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று பையிலிருந்து போனை எடுத்துவிட்டாள். திரையில் மச்சான் என்ற பேரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனைப் பையிலேயே போட்டுவிட்டு, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். சாயங்காலம் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, அவர் போட்டுக் கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்து, அவர் கண்ணைப் பார்த்து நேரில் சொன்னாள்.